தவராசாவும் ஆறு வீட்டு அடுப்புகளும்

செய்தி வந்தபோது நான் கடையில் கலியாணக் கார்டுகளுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். லா சப்பல் தெருவில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கி முடித்திருந்தார்கள். என் மனைவி ரஞ்சி போனில் அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"தவமண்ணை மோசம் போயிட்டாராம். வேலைக்குப் போக பஸ்சுக்கு நிண்டவராம். அதிலையே விழுந்துபோனாராம்," என்றாள்.

"எந்தத் தவம்?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தவம்தான். முப்பது வருடமாகத் தெரியும். ஆனாலும் வாய் அப்படித்தான் கேட்டது. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று ரஞ்சிக்கு விளங்கியிருக்கும். நானும் தவமும் முகம் பார்த்துக் கதைத்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவனுடைய மனைவி பத்மா கேட்டுக்கொண்டார். இருபது வருடமாக இப்படியான மலர்களை அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். அவற்றில் எல்லோரும் பண்பின் உறைவிடமாகவும் புன்னகை மாறாதவர்களாகவும் இருப்பார்கள். என் அச்சகத்தில் இதுவரை ஒரு கோபக்காரர்கூடச் செத்ததில்லை. தவத்துக்கு அப்படி எழுத என்னால் முடியாது. அவனுக்குக் கோபம் வரும், அலுப்புத் தருவான், பிடித்தால் விடமாட்டான். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஒத்துக்கொண்டேன்.

தவராசா கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பிட்சா சுட்டான். வந்த காலம் தொட்டுப் போன காலம் வரைக்கும் ஒரே வேலை, ஒரே இடம். விறகுச் சூளைக்கு முன்னால் அவ்வளவு வருடம் நின்றவனுக்கு இடது புருவம் ஒழுங்காக வளர்ந்ததே இல்லை. கருகி, முளைத்து, மறுபடியும் கருகி, அரைப் புருவமாகவே இருக்கும். அடையாள அட்டைப் படத்திலும் அது அரைப் புருவம்தான். சூளைக்கு வருகிற கட்டை ஈரமா காய்ந்ததா என்று இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தே சொல்வான். ஈரமென்றால் லாறிக்காரனைத் திரும்பப் போகச் சொல்வான். முதலாளியே அவனிடம் கேட்டுத்தான் விறகு வாங்கினார்.

இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகுதான் எங்களில் பலருக்கு இங்கே பிரான்சில் வீடு வாங்குகிற எண்ணமே வந்தது. அதுவரை ஊருக்குப் போய்விடுவோம் போய்விடுவோம் என்று வாடகை வீட்டிலேயே பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டிருந்தோம். போக இடமில்லை என்று ஆனபின்தான் கூரையைப் பற்றி யோசித்தோம். புறநகர் பியர்ஃபித்தில் அடுத்தடுத்த தெருக்களில் ஆறு குடும்பங்கள் சின்னச் சின்னத் தனிவீடுகள் வாங்கினோம். பழைய வீடுகள். சுவரைத் தொட்டால் கை விறைக்கும். எண்ணெயில் வீட்டைச் சூடாக்குகிற சோபாஜ் கட்டுப்படியாகவில்லை. அந்த நேரத்தில் ஒரு விற்பனைக்காரர் வந்து, அரச உதவி இருக்கிறது, டொசியே பத்திரங்கள் எல்லாம் நானே பார்க்கிறேன் என்று சொல்லி, ஆறு வீட்டிலும் மரக்குளிசை அடுப்பு பூட்டிவிட்டுப் போனார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தூளை இறுக்கி, பென்சில் மொத்தத்தில் சின்னச் சின்னத் துண்டாக்கிப் பதினைந்து கிலோப் பைகளில் விற்பார்கள். அடுப்பின் தலையில் கொட்டிவிட்டால் உள்ளே ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கிண்ணத்தில் விழுத்தும். அங்கே எரியும். முன்னால் கண்ணாடிக் கதவு. மின்விசிறி சூட்டை வீட்டுக்குள் தள்ளும். பிரெஞ்சுக்காரர் அதற்கு ஏதோ பெயர் சொல்கிறார்கள். மருந்துக் குளிசை மாதிரி இருந்ததால் எங்கள் வீடுகளில் அது குளிசைதான்.

எந்த மரத்துக் குளிசை வாங்குவது என்ற கேள்வி வந்தபோது எங்கள் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. வைர மரம். பாலை விறகு எரித்து வளர்ந்த ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? மென்மையான மரம் பட்டென்று எரிந்து முடிந்துவிடும், வைரமான மரம்தான் நின்று எரியும் என்று ஆறு வீட்டிலும் சொன்னோம். தவமும் சொன்னான். "ஓக்கும் பீச்சும்தான் மச்சான். இருபது வருஷம் அதுக்கு முன்னாலதானே நிக்கிறன்," என்றான். அவன் சொன்ன பிறகு வேறு பேச்சு என்ன? லாறி கொண்டுவந்து இறக்கியது.

அந்த மாரி ஆறு வீட்டிலும் ஒரே கூத்து. கண்ணாடிக் கதவு இரண்டு நாளில் கருநிறமாகிவிடும். கிண்ணத்தில் சாம்பல் கட்டிபட்டுக் கல்லாக நிற்கும். நாங்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் அடுப்பு தானாக அணைந்துவிடும். மாலையில் வந்து மேல்கோட்டைக் கழற்றாமலே சமைத்தோம். விற்பனைக்காரரின் போன் வேலை செய்யவில்லை. எல்லோரும் அடுப்பைத் திட்டினோம், பிரான்சைத் திட்டினோம்.

தவம் யாரையும் திட்டவில்லை. அவனுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. ஒரு திங்கள் முழுவதும் தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அடுத்த திங்கள் மென்மரக் குளிசை ஒரு பை வாங்கி எரித்துப் பார்த்தான். அதற்கடுத்த திங்கள் சாம்பல் உறிஞ்சுகிற மெசினைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தான். என் வீட்டுக்கு வந்தபோது மழை. வாசலில் நின்றே சொன்னான்.

"மச்சான், நான் பிழை சொல்லிப்போட்டன்."

"என்ன பிழை?"

"கட்டை வேறை, குளிசை வேறை. இது எல்லாத்தையும் அரைச்சு இறுக்கினது. மென்மரமும் இறுக்கினால் நிண்டுதான் எரியும். வைரமரத்துக் குளிசை பாரம். திருகு ஒவ்வொரு முறையும் கூடத் தள்ளுது, காத்துக் காணாமல் மூச்சடைக்குது. நான் சூளையை நினைச்சுக்கொண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டன்."

அதோடு முழங்காலில் இருந்து என் அடுப்பின் வயிற்றைத் துப்புரவாக்கினான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் அங்கும் அதையே சொன்னான். எங்கள் ஐந்து வீட்டிலும். ஒரு வீட்டில் அவனை விட வயது குறைந்த பெடியன் ஒருவன் முகத்தை நீட்டிக்கொண்டு கதைத்திருக்கிறான். அவனுடைய அடுப்பையும் துப்புரவாக்கிவிட்டுத்தான் வந்தான். எனக்கு உண்மையில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இவன் ஏன் தன்னைத் தானே இப்படிக் குறைத்துக்கொண்டு திரிகிறான் என்று ரஞ்சியிடம் சொன்னேன். அவள், "உங்களுக்கு உது விளங்காது," என்றாள்.

அதன் பிறகு அவனை வைரமரக் குளிசை விடவே இல்லை. பிழை சொன்ன சாமானைச் சும்மா விட்டுவிட அவனால் முடியாது. அடுப்பின் காற்று அளவை மாற்றி எரித்தான். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பை வாங்கினான். அப்படித்தான் எங்களுடைய பரீட்சை ஞாயிறு தொடங்கியது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு ஞாயிறு மதியம், அடுத்த குளிருக்கு ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாங்குவதற்கு முன், தவத்தின் வீட்டில் கூடுவோம். பத்மா பற்றிஸ் பொரித்து வைப்பார். தவம் அன்றைக்கு மட்டும் வேலைக்கு லீவு எடுப்பான். தன் கலியாண நாளுக்குக்கூட அவன் லீவு எடுத்ததில்லை என்று பத்மா எல்லோர் முன்னிலும் சொல்லிக்காட்டுவார்.

பரீட்சை இப்படி நடக்கும். முதலில் பையின் அடியில் இருக்கிற தூளைப் பத்மாவின் மா அரிதட்டில் போட்டு அரிப்பான். தூள் கூடினால் அங்கேயே புள்ளி குறையும். ஒரு குளிசையை எடுத்து முறிப்பான், சத்தம் கேட்பான். மூக்கில் வைப்பான். ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீருக்குள் நாலைந்தைப் போடுவான். நல்ல குளிசை தாழ்ந்து, ஊதி, சற்று நேரத்தில் வெறும் மரத்தூளாகக் கரைந்துவிடும். வெறும் மரத்தை இறுக்கியது என்றால் கரையத்தான் வேண்டும். கரையாமல் கிடந்தால் உள்ளே பசை இருக்கிறது. எரித்துப் பார்க்கிற வேலையை முந்தின கிழமையே முடித்திருப்பான். ஒரு நாளைக்கு ஒரு வகை, ஒரே சூட்டு அளவில், ஒரு பை முழுவதும். மிஞ்சிய சாம்பலை யோகட் டப்பாக்களில் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பான். முடிவுகளைப் பிட்சாப் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதுவான். எண்ணெய் பட்ட மட்டையில் பென்சில் பிடிக்காது, திரும்பத் திரும்ப எழுதுவான்.

நாங்கள் கேலி செய்வோம். "என்ன தவம், அடுத்தது சாம்பலை ருசி பாக்கப் போறியே?" என்று கேட்பேன். அவன் சிரிக்காமல் ஒரு டப்பாவை என் பக்கம் நகர்த்துவான். "எரியேக்கை எல்லாம் வடிவாத்தான் இருக்கும். அள்ளேக்கைதான் தெரியும்," என்பான். இதை எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை.

மூன்று ஒக்டோபர் கழித்து அவன் சொன்ன தீர்ப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைரமரக் குளிசையில் குறையில்லை என்றான். பட்டை சேராத, நன்றாகக் காய்ந்த பீச் மரத்துக் குளிசை அழகாக எரிகிறது, காற்றைக் கூட்டிவிட்டால் கண்ணாடியும் கருக்காது. ஆனால் சாம்பல் கொஞ்சம் கூட, ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும். மலிந்த ஓக் குளிசையில் பட்டையை அரைத்துச் சேர்க்கிறார்கள், அதுதான் கல்லாகிறது. மென்மரம் கெதியாகப் பற்றும், சாம்பல் குறைவு. சூடு என்று பார்த்தால் கிலோவுக்குக் கிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஒவ்வொரு வீடாகப் பிரித்துச் சொன்னான். புருசனும் பெண்சாதியும் விடிய வெளிக்கிட்டுப் போகிற வீட்டுக்கு மென்மரம். பகலில் ஆள் இருக்கிற வீட்டுக்கு வைரமரம் வாங்கலாம், அள்ளுவதற்குக் கையிருக்கிறது. "மரத்திலை பிழையில்லை மச்சான். ஆர் வீட்டிலை எரியுது எண்டதையும் பாக்கவேணும்," என்றான். குளிசையைப் பற்றி இதைவிடத் திறமாகச் சொன்ன ஒருவரை நான் இன்றுவரை காணவில்லை.

எனக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நடந்த மாரியையும் சொல்ல வேண்டும். மூன்று கிழமை நான் பாரம் தூக்கக் கூடாது. ரஞ்சிக்கு அந்த அடுப்பென்றால் பயம். தவம் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற வழியில் வந்து, சாம்பலை அள்ளி, ஒரு பையைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் போவான். தேத்தண்ணி குடிக்க இருக்கமாட்டான். நான் கட்டிலில் கிடந்தபடி, "எடேய், உள்ள வந்து ஒரு கதை கதைச்சுப்போட்டுப் போவன்," என்று கத்துவேன். "நீ சூட்டிலை கிட. எனக்கு மாப் பிசையக் கிடக்கு," என்று வாசலிலிருந்து பதில் வரும். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். மூன்று கிழமையும் வீடு ஒரே சூடாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

குளிசை கிடைக்காமல் போன அந்த மாரி உங்களுக்கு நினைவிருக்கும். எரிவாயு விலை ஏறி, எல்லோரும் குளிசைக்குப் பாய்ந்து, கடைகளில் வெறும் தட்டு மட்டும் இருந்தது. வழக்கமாகத் தருகிற வியாபாரியும் கையை விரித்துவிட்டார். எனக்கோ வீட்டில் தலைப்பிள்ளை பெற்ற மகள். செவ்ரானில் கலியாணம் கட்டிக் கொடுத்தவள், பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். அந்த நேரத்தில் என் கடைக்குக் கார்ட் அடிக்க வந்த ஒருவர், தனக்குத் தெரிந்த வான்காரர் ஒருவரிடம் குளிசை இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். பெயரெழுதாத வெள்ளைப் பைகள். பரீட்சைக்கு நேரமில்லை. இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு இல்லை என்றார் வான்காரர். ஆறு வீட்டுக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தவத்தின் வீட்டுக்குரியதையும் அவன் வேலையில் நின்ற நேரம் கொண்டுபோய் இறக்கினேன். இவ்வளவு நாளும் அவன் செய்ததை இந்த முறை நான் செய்துவிட்டேன் என்ற பெருமைப் புளுகு எனக்கு. எல்லோரும் எனக்குப் போன் எடுத்து நன்றி சொன்னார்கள். அவனிடமிருந்து மட்டும் போன் வரவில்லை.

குளிசை இறக்கி நாலாம் நாள், பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள். துடக்குக் கழித்து, பிள்ளையை முழுகவார்த்துச் சாம்பிராணிப் புகை பிடித்தோம். செவ்ரானிலிருந்து சம்பந்தியும் மனைவியும் வந்திருந்தார்கள். சம்பந்தி நகரசபைக் கந்தோரில் வேலை பார்ப்பவர். என் வீட்டுக்கு அவர் வருவது அது இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோதான். சூடான வீடு, நிறைந்த மேசை. எனக்குக் கால் நிலத்தில் இல்லை. அவர் இரண்டொரு தரம் செருமினார். தொண்டை கரகரக்கிறது என்றார். மணம் ஒன்று இருந்தது எனக்கும் தெரியும். இரண்டு நாளாகவே இருந்தது. நாங்கள்தான் காலையும் மாலையும் பிள்ளைக்குச் சாம்பிராணி பிடிக்கிறோமே, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் அப்படியே சொன்னேன்.

தவமும் பத்மாவும் பிள்ளைக்கு ஒரு சின்னக் காப்போடு வந்தார்கள். அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினான்.

"என்ன மணம் இது?"

"சாம்பிராணி," என்றேன்.

"சாம்பிராணி நான் அறியாத சாமானே?" என்றபடி நேரே குளிசை அடுப்புக்குக் கிட்டப் போனான். மேல் மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளினான். முறித்தான், மணந்தான். குசினிக்குள் போய் ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்து வந்து, பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, அதற்குள் போட்டான். எல்லோரும் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சம்பந்தியும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். குளிசைகள் கரையவில்லை. போட்டபடியே கிடந்தன. ஒன்றின் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பொட்டு. பெயின்ற்.

"இது பழைய அலுமாரி மேசையை அரைச்சுச் செய்தது மச்சான். பசை கிடக்கு, பெயின்ற் கிடக்கு. எனக்குத் தந்ததை நான் தொடேல்லை. ரெண்டு நாள் வேலை, உனக்குச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை, அது என்ர பிழை. இதை நிப்பாட்டு. பச்சை உடம்புக்காரியும் பிள்ளையும் படுக்கிற வீடு."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். பிள்ளை படுத்திருந்ததால் மெதுவாகச் சொன்னான். எனக்குக் காதில் விழுந்தது வேறு. சம்பந்திக்கு முன்னால், என் பேரப்பிள்ளைக்கு நானே நஞ்சுப் புகை பிடித்தேன் என்று ஒருவன் மேசையில் கிளாஸ் வைத்துக் காட்டுகிறான் என்றுதான் விழுந்தது.

"பிட்சா சுடுறவன் வந்து எனக்குச் சோபாஜ் படிப்பிக்கிறான். உன்னைக் கூப்பிட்டது சாப்பிட. சோதிக்கிறதுக்கு இல்லை," என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நான் சொன்னது இதுதான், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தவம் என்னைப் பார்த்தான். பிறகு சம்பந்தியிடம், "குறை நினையாதேங்கோ," என்றான். காப்பை ரஞ்சியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். வைபவ வீட்டில் கை நனைக்காமல் போவது எங்கள் ஆட்களிடம் எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்குத் தெரியும். பத்மா கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டபடி அவனுக்குப் பின்னால் போனார்.

சம்பந்தி வீட்டார் போனதும் அடுப்பை நானே அணைத்தேன். யன்னல்களைத் திறந்துவிட்டு, மகளையும் பிள்ளையையும் அவள் கணவனோடு செவ்ரானுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, அவ்வளவு பையையும் காரில் ஏற்றி, நகரசபையின் குப்பை கொட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற வீடுகளுக்குப் போன் எடுத்து, அந்த வான்காரர் சரியில்லை, எரிக்க வேண்டாம் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருவர் கேட்டார். கேள்விப்பட்டேன் என்றேன். தவம் சொன்னான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மாரி முழுக்கக் கரண்டுச் சோபாஜில் நடுங்கினோம். மற்ற ஐந்து வீட்டில் நாலுக்கு நான் சொன்னேன். ஐந்தாவது, தவத்தின் வீட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத்தான் தெரியுமே என்று எனக்கு ஒரு சாட்டு.

பிறகு ஒரு நாளைக்கு ஒரு காரணம். அவன் எடுக்கட்டும் என்றிருந்தேன். தைப்பொங்கலுக்குப் போகலாம் என்றிருந்தேன். அந்தப் பொங்கல் போனது, அடுத்த ஒக்டோபரும் போனது. பரீட்சை ஞாயிறுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை என்று ரஞ்சியிடம் கோபப்பட்டேன். "கூப்பிட்டால்தான் போற வீடோ அது?" என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாலை, கார் து நோரில், பியர்ஃபித் இரயிலுக்கு நிற்கிற இடத்தில் அவனைக் கண்டேன். தோளில் பை, கையில் ஒரு பிட்சாப் பெட்டி. என்னைக் காணவில்லை என்று நினைத்தேன். நான் மெல்ல நடந்து கடைசிப் பெட்டியில் ஏறினேன். ஒரே இரயிலில் வந்து, ஒரே நிலையத்தில் இறங்கி, அவன் வெளியே போகும்வரை நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அறுபதை நெருங்குகிற மனிதன் செய்கிற வேலை. அவனை உயிரோடு நான் கண்டது அன்றைக்குத்தான் கடைசி.

அறிவித்தல் அட்டையை என் கடையில்தான் அடித்தோம். பத்மாவின் தம்பி படத்தைக் கொண்டுவந்தார். படம் எடுத்த கடைக்காரன் கொம்பியூட்டரில் அந்த இடது புருவத்தை முழுசாக்கி வைத்திருந்தான். அதை வெட்டி எடுத்து, பழையபடி அரைப் புருவமாக்க எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. மெசினுக்கு முன்னால் இருந்து அழுதேன். கார்ட் வாங்க வந்த ஆட்கள் வெளியிலேயே நின்றார்கள்.

செத்த வீட்டுக்கு வந்த உங்களில் பலர், நான் ஏன் உடலுக்குக் கிட்டப் போகாமல் கடைசி வரிசையில் நின்றேன் என்று யோசித்திருப்பீர்கள். எனக்கு முகமில்லை. எல்லோரும் போன பின் பத்மாதான் என்னிடம் வந்தார். அவர் என்ன சொன்னாலும் கேட்பதென்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பத்மா, அவன் சொன்னது சரி," என்றேன். "அண்டைக்கே நான் நிப்பாட்டிப்போட்டன். அவனுக்குச் சொல்லேல்லை."

"அவருக்குத் தெரியும், அண்ணை," என்றார் பத்மா.

எனக்கு விளங்கவில்லை.

"அடுத்த நாள் வேலைக்குப் போகேக்கை உங்கட தெருவாலதான் போனவர். அந்தப் பக்கம் அவருக்கு பஸ்சும் இல்லை. உங்கட கூரையில புகை வருதோ எண்டு பாக்கத்தான். பாத்துப்போட்டு அதிலை நிண்டே எனக்குப் போன் எடுத்தவர். 'புகை இல்லை பத்மா. அவன் நிப்பாட்டிப்போட்டான். இனி வருவான்' எண்டவர்."

பிறகு பத்மா இதையும் சொன்னார்.

"நான் எத்தினை தரம் உங்களுக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டனான். விடேல்லை. 'அவன் ரோசக்காரன், நாங்கள் கூப்பிட்டால் கூசுவான். தானாய் வரட்டும்' எண்டிட்டார். வாசல் மணி அடிச்சால் அவர்தான் முதல் எழும்புவார், அண்ணை."

தவத்திடமிருந்து எதை வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், அவனுடைய குளிசைப் பரீட்சையை மற்ற ஐந்து வீடும் வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒக்டோபரிலும் அதை நடத்துங்கள். கிளாசில் தண்ணீர் வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவன் விட்டுப்போனது அந்த இரண்டு சொல்தான். இனி வருவான். ஒரு வருடமும் நான்கு மாதமும் ஒரு மனிதன் என்னைப் பற்றி அப்படி நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் ஏழு நிமிடம். நான் போகவில்லை.